வீட்டில் கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். குளிக்க, துவைக்க, கார் கழுவ எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். என் கார் கருநீலம். வாங்கிய புதிதில் ஞாயிறு தவறாமல் கழுவுவேன். கழுவிய கையோடு மாடிக்குப் போய்விடுவேன், அது தானாகக் காய்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை வெயில் சாய்வாக பானட்டில் விழுந்தபோதுதான் கவனித்தேன்: அம்மைத் தழும்பு மாதிரி பானட் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. அதைப் போக்கவும், மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளவும் பல மாதம் மெனக்கெட்டேன். அப்போது கற்றுக்கொண்டதும், அக்கம்பக்கத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் இங்கே.

நல்லாத்தானே கழுவினேன்? புள்ளி எங்கிருந்து வருகிறது?

அது அழுக்கு இல்லை, தண்ணீருக்குள் இருந்த உப்பு. நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற எண், 1500 என்றால் ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு. கழுவி முடித்த காரில் கால் லிட்டர் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட 0.4 கிராம். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து கார் மேல் தூவிவிட்டு வருவதும் இதுவும் ஒன்றுதான்.

புள்ளியை செல்போன் டார்ச் அடித்து அருகில் பாருங்கள். நடுவில் வெறுமையாகவும் ஓரத்தில் கெட்டியான வெள்ளை வளையமாகவும் இருக்கும். துளி காயும்போது உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, உப்பையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கிறது. மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்திருக்குமே, அதே கதை.

இதில் மோசமானது கால்சியம். தண்ணீரில் கரைந்திருக்கும் வரை அது பைகார்பனேட். காய்ந்ததும் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிவாக மாறிவிடுகிறது. அது மறுபடி தண்ணீரில் கரையாது. அடுத்த வாரம் எத்தனை வாளி ஊற்றினாலும் பழைய புள்ளி போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வீட்டு வாட்டர் ஹீட்டரின் காயிலில் ஓடு மாதிரி படிந்திருப்பதும் இதே பொருள்தான்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த ரகம் என்று எப்படிப் பார்ப்பது?

டிடிஎஸ் மீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. குடிநீருக்கான இந்தியத் தரம் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மெக்னீசியத்தின் அளவுக்கு, அந்த இரண்டு எல்லைகள் 200, 600. இவை குடிப்பதற்கான எல்லைகள். கருப்புக் காருக்கு 300 டிடிஎஸ் தண்ணீரே போதும் புள்ளி விழ.

மீட்டர் இல்லையென்றாலும் கவலை இல்லை. சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டு, குடிதண்ணீர் ஒரு சொட்டு, ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு சொட்டு, தள்ளித் தள்ளி வைத்துவிட்டு மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். அரை மணியில் பதில் வந்துவிடும். எங்கள் தட்டில் போர் தண்ணீர் விட்ட இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று எழும்பியிருந்தது, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. ஏசி தண்ணீர் விட்ட இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். மாப்பிள்ளை கார் கழுவினால் துடைக்கவே மாட்டார், புள்ளியும் விழாது. அதே காரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஒருநாள் எங்கள் குழாயில் கழுவிவிட்டு வழக்கம்போல அப்படியே விட்டார். மத்தியானம் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு?" என்றார். அவர் பழக்கத்தில் தப்பில்லை. அந்தத் தண்ணீருக்கு அது சரி, இந்தத் தண்ணீருக்குச் சரிப்படாது.

எந்த நேரத்தில் கழுவலாம்?

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. புறங்கையை பானட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் கழுவாதீர்கள். வெளியே போய்விட்டு வந்த உடனேயும் வேண்டாம், எஞ்சின் சூடு தணிய அரை மணியாவது ஆகும். நிழல் என்றால் கட்டட நிழல். வேப்ப மரத்தடியில் நிறுத்திக் கழுவினால் சித்திரையில் பூவும், மற்ற மாதங்களில் காக்கை எச்சமும் ஈரக் காரின் மேல் விழும்.

தண்ணீர்த் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து பெயின்ட்டை எரித்துவிடும் என்கிறார்களே?

துளி பெயின்ட்டின் மேலேயே படிந்து உட்கார்ந்திருக்கிறது. அது வெயிலைக் குவித்தாலும் குவியும் இடம் பெயின்ட்டின் பரப்பில் அமையாது, அதற்கு வெகு கீழே போய்விடும். வெயிலில் கழுவக் கூடாது என்பதற்கு உண்மையான காரணம் வேறு: துடைக்க அவகாசம் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் ஷாம்பு போடும்போதே மறுபக்கம் காய்கிறது. சூட்டில் படியும் உப்பு கெட்டியாகவும் ஒட்டிக்கொள்கிறது.

சரி, கழுவும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில் சக்கரங்கள். அங்கேதான் பிரேக் தூளும் சேறும் அதிகம். கடைசியில் வைத்துக்கொண்டால் அதைத் தேய்த்து முடிப்பதற்குள் மேற்பகுதி காய்ந்துவிடும். சக்கரத்துக்கென்று தனித் துணி, தனி வாளி. அந்தத் துணி கதவுப் பக்கம் வரவே கூடாது.

பிறகு கார் முழுக்க வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே. இங்கே அவசரப்படாதீர்கள். தூசி ஊறி இறங்காமல் துணி வைத்தால் மணலை வைத்துத் தேய்த்த மாதிரி மெல்லிய கீறல் விழும். இதற்குப் போர் தண்ணீரே போதும்.

அடுத்து ஷாம்பு. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகளின் மேற்பாதி, கீழ்ப்பாதி, கடைசியாக பம்பர் என்று வாருங்கள். காரை முழுவதும் நுரையாக்கிவிட்டு அலசலாம் என்று நினைக்காதீர்கள். கூரை முடிந்ததும் கூரையை அலசுங்கள், பானட் முடிந்ததும் பானட்டை. ஒரு பகுதியில் வேலை செய்யும்போது முடித்த பகுதிகள் மேல் அவ்வப்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருங்கள். துடைக்கத் தொடங்கும் வரை காரில் ஒரு இடம்கூடக் காயக் கூடாது. மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசி அலசலுக்கு ஹோஸின் முனையில் இருக்கும் ஸ்பிரே துப்பாக்கியைக் கழற்றிவிடுங்கள். வெறும் குழாயைக் கூரைக்கு அருகில் பிடித்து, தண்ணீரை மெதுவாக வழிய விடுங்கள். பீய்ச்சி அடித்தால் ஆயிரம் துளியாக நிற்கும். வழிய விட்டால் போர்வையை இழுத்த மாதிரி ஒரே ஏடாக இறங்கி, நின்றிருந்த துளிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். துடைக்கும் வேலை பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

துடைக்க எந்தத் துணி? பழைய வேட்டி, பனியன் துணி போதாதா?

பழைய பருத்தி வேட்டி மென்மைதான், ஆனால் சீக்கிரம் நனைந்துபோகும். பிறகு தண்ணீரை உறிஞ்சாமல் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவையே கோடு கோடாகக் காயும். பனியன் வேஸ்ட் துணியில் தையலும் பட்டையும் இருக்கும், பெயின்ட்டில் கீறும். அதை டயருக்கும் பிரேக் பெடல் பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு நல்ல தடிமனான மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, குளியல் துண்டு அளவில் பெரியதாக வாங்குங்கள். அதை பானட் மேல் விரித்துப் போடுங்கள், இரண்டு முனையைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அழுத்தவே வேண்டாம், துணியே குடித்துக்கொள்ளும். பின்னாலேயே சின்னத் துணி ஒன்றால் மிச்ச ஈரத்தை ஒற்றி எடுங்கள். கூரை, பின்பு கண்ணாடிகள், பின்பு பானட். வெயில் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முன்னுரிமை.

முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் இன்னொரு வேலை இருக்கிறது. பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பாருங்கள். துடைத்துப் பத்து நிமிடம் கழித்து அங்கிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், கதவில் கண்ணீர்க் கோடு மாதிரி இறங்கும், அப்படியே காயும். கதவுக் கைப்பிடியின் உட்குழி, நம்பர் பிளேட்டின் மேல் ஓரம், பெட்ரோல் மூடி, டெயில் லைட்டின் இடுக்கு, ஜன்னல் ரப்பர் எல்லா இடத்திலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து ஓரங்களைத் துடைத்துவிட்டு, ஒரு சுற்று தெருவில் ஓட்டிவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று தடவை பிரேக் அழுத்துங்கள், டிஸ்க்கின் ஈரமும் போய்விடும். வந்து நிறுத்தியதும் கையில் சின்னத் துணியோடு காரைச் சுற்றி ஒரு முறை நடங்கள், இடுக்கிலிருந்து வழிந்ததெல்லாம் தெரியும்.

துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழையில் அது படிந்துவிட்டால் பிறகு துணி தண்ணீரை உறிஞ்சாது.

போர் தண்ணீரை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. என்ன செய்வது?

கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் போதும். அழுக்கையும் நுரையையும் போர் தண்ணீரில் போக்கிவிடலாம். கார் மேல் கடைசியாக நிற்கப்போவது எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. 10 முதல் 15 லிட்டர் போதும், பூவாளி இருந்தால் இன்னும் குறைவு.

நான் நம்பியிருப்பது ஏசி தண்ணீரை. அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவது, உப்பு அநேகமாக இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு இரவு ஏசி ஓடினால் குழாயின் கீழ் வைத்த வாளியில் பாதிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. காயிலில் படிந்த தூசியும் பாசியும் கூடவே வரும். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து அதில் வடிகட்டிவிடுங்கள். ஒரு விஷயம்: திறந்து வைக்கக் கூடாது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். மூடியுள்ள கேனில் ஊற்றி, ஓரிரு நாளில் பயன்படுத்திவிடுங்கள்.

மழைக்காலத்தில் மழைநீரை விடச் சிறந்தது இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். முதல் மழை மாடித் தூசியைக் கழுவி விடட்டும், அடுத்த மழையில் பிடியுங்கள்.

ஆர்ஓ மெஷினில் குடிக்க வரும் தண்ணீரும் நல்லதுதான். அதன் கழிவுக் குழாயில் வருவதை மட்டும் கடைசி அலசலுக்குத் தொடாதீர்கள். மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வீணாக்க மனமில்லை என்றால் சக்கரம் கழுவ, போர்ட்டிகோ அலச வைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்னர் போட்டால் புள்ளி நின்றுவிடுமா?

நிற்காது, சாதுவாகும். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் அதிகம் குறையாது. ஆனால் சோடியம் உப்பு மறுபடி தண்ணீரில் கரையும், ஈரத் துணிக்கே வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் திரவம், துணி சோப்புத் தூள்?

இரண்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தவை என்பதால் காரின் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். சோப்புக் கட்டி இன்னும் மோசம்: உப்புத் தண்ணீரில் நுரைக்காது, திரிதிரியாகப் படிவு விடும். பழைய வீட்டுக் குளியலறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். கார் ஷாம்பு ஒரு பாட்டில் பல மாதம் வரும். அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், அலச அலச நுரை போகாது.

ஏற்கெனவே விழுந்த புள்ளியை எப்படி எடுப்பது?

புதியதாக இருந்தால் வினிகர். வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். கார்பனேட் அமிலத்தில் கரையும். மெதுவாகத் துடைத்து, ஷாம்பு போட்டு அலசி, உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நிழலில், குளிர்ந்த பரப்பில், கையகல இடமாகச் செய்யுங்கள். வினிகரும் பெயின்ட்டில் காயக் கூடாது. முதலில் கதவின் அடிப்பகுதியில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். மெழுகு போட்டிருந்த இடமானால் அது பலவீனப்பட்டிருக்கும், மறுபடி போட்டுவிடுங்கள். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் இதையெல்லாம் முயலாதீர்கள்.

புளியைப் போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளிச்சென்று ஆகிறதே என்று எங்கள் மாடியில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான யோசனைதான், புளியிலும் அமிலம்தானே. ஆனால் புளியில் நார், கோது, சில சமயம் மண்ணும் இருக்கும். குடம் தாங்கும், பெயின்ட் தாங்காது.

வினிகருக்கும் அசையவில்லை என்றால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் படிவு இன்னும் மேலேதான் இருக்கிறது; கடையில் விற்கும் நீர்க்கறை நீக்கி உதவும். பள்ளமாகவோ, மேடு எதுவும் இல்லாமல் நிழல் மட்டுமோ தெரிந்தால் கறை மேற்பூச்சையே அரித்துவிட்டது. அதற்கு பாலிஷ் ஒன்றுதான் வழி. மேலே இருக்கும் தெளிந்த பூச்சின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான், நம் தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுக்கிறது. அதனால் ஆசைக்கு பாலிஷ் போடாதீர்கள், தெரிந்தவர் கையில் தேவைக்கு ஒருமுறை போடுங்கள். என் பானட்டில் நான்கைந்து வளையம் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன், பூச்சு மிஞ்சட்டும்.

செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

நிச்சயமாக. கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகு. அந்த முத்து வெயிலில் காய்ந்தால் அதே இடத்தில் அடர்த்தியான வட்டப் புள்ளி. கோட்டிங் தரும் வசதி, தண்ணீர் சுலபமாக வழிந்தோடும், கறை பெயின்ட்டைத் தொட நேரம் பிடிக்கும் என்பதுதான். துடைக்காமல் விட அது அனுமதி தருவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி தினமும் காலையில் கார் துடைக்கிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார் துடைக்கும்போது ஏழாவது காருக்கு வருவது சேறுதான். அது அவர் தப்பு இல்லை, அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான். உங்கள் காருக்கென்று இரண்டு துணி வாங்கிக் கொடுங்கள். "தினமும் ஈரத் துணி வேண்டாம் தம்பி, வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். மாதக் காசைக் குறைக்காதீர்கள். எங்கள் தம்பியிடம் இப்படிச் சொன்ன பிறகு கார் நன்றாக இருக்கிறது, அவருக்கும் வேலை மிச்சம்.

மழையில் நனைந்தால்?

கொட்டித் தீர்த்த மழை காருக்கு நல்லதே செய்யும். தூறல்தான் தொல்லை, கார் மேல் இருக்கும் தூசியைக் குழைத்துப் பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டுப் போகும். அடுத்த வெயிலுக்கு முன் ஒரு வாளி ஊற்றித் துடைத்துவிடுங்கள். ஈரக் காரின் மேல் கவர் மட்டும் போடாதீர்கள்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் என்ன செய்வது?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது ஹோஸை எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. எங்கள் குழாயில் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறையும், பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர். அப்போதிலிருந்து ஹோஸைக் கடைசி அலசலுக்கு மட்டும், அதுவும் ஏசி தண்ணீர் கையில் இல்லாத நாளில் மட்டும்தான் எடுக்கிறேன். மூன்று வாளி, ஒரு மக், இரண்டு துணியில் முழுக் காரும் முடிகிறது. அலச வேண்டாத ஷாம்பு என்று ஒரு வகை கிடைக்கிறது. அரை வாளித் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். சேறு படிந்த காருக்கு அது ஆகாது, வெறும் தூசிக்கு நன்றாக வேலை செய்யும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கழுவி, மறுநாள் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அது கறையாகாதா?

ஆகும், நாள் கணக்கில் விட்டால். பெயின்ட்டுக்குப் பதிலாகக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தால் கவலையே இல்லை. பானட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வையுங்கள், எங்கள் வீட்டிலும் வைக்கிறோம். சந்தனத்தைப் போர் தண்ணீரில் குழைக்காமல் பன்னீரிலோ குடிதண்ணீரிலோ குழையுங்கள். மறுநாள் காலை காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாமல், ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். குங்குமத்தை முதலில் ஊதிவிடுங்கள், பிறகு துணி.